தொட்டேனா

"கண்ணை நல்லா மூடு. இடுக்குல பாக்காதே. நான் ஒண்ணும் பொண்ணு பாக்க வரலை."

சூளைத் தொழிலாளி கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். முன்கையில் நாணய அளவுக்கு ஒரு வெளிறிய தேமல். எதிரில் குந்தியிருந்தவர் சட்டைப் பையிலிருந்து மை தீர்ந்த பேனா ஒன்றை எடுத்தார். ராகம் என்று எதுவும் இல்லாமல் மூக்காலேயே முனகிக்கொண்டு, பேனா முனையால் தேமலுக்கு வெளியே தோலைத் தொட்டார்.

"தொட்டேனா?"

"தொட்டீங்க."

"எங்க? விரலால காட்டு." காட்டினார். சரிதான். பேனா தேமலுக்குள் நகர்ந்தது. "இப்ப?" "ம்." "இப்ப?" "ம்." முனகல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பேனா மட்டும் ஒரு சாண் தள்ளிக் காற்றில் நின்றது. "இப்ப தொட்டேனா?"

"தொட்டீங்க சார்."

செங்கல் சுமக்கும் பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, பேனா ஆகாசத்துல நிக்குது. உங்க மனசைத்தான் தொட்டுட்டாரு போல." கூட்டமே சிரித்தது. பேனாக்காரர் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்த தொழிலாளியும் சிரிக்கவில்லை.

தொழுநோய் முதலில் தோலின் உணர்ச்சியைத் தின்கிறது. உணர்ச்சி போனவருக்கு அது போனது தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டார், வேலை போய்விடும், குடியிருக்கும் அறை போய்விடும். அதனால் கேள்வி எந்தத் தாளத்தில் வருகிறதோ அதே தாளத்தில் "ம்" போட்டுக்கொண்டே போவார். அந்தத் தாளத்தை உடைப்பதுதான் இவருடைய வேலை. தொடாமலே "தொட்டேனா" என்று கேட்பார். தோலில் உயிர் இருந்தால் "இல்லை" என்று பதில் வரும். பேனாவில் மை இருக்கக்கூடாது என்பதிலும் கண்டிப்பு. தோலில் புள்ளி விழுந்தால், கண் திறந்ததும் எத்தனை தடவை தொட்டார் என்று எண்ணிவிடுவார்களாம்.

இருபத்து மூன்று வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருப்பதால் அவருக்கு அந்தக் கேள்வியே பெயராகிவிட்டது. சூளை, நூற்பாலைக் குடியிருப்பு, குப்பை பிரிக்கும் கொட்டகை என்று சைக்கிள் எங்கே நுழைந்தாலும், "தொட்டேனா மாமா வர்றாரு" என்று பிள்ளைகள் கத்துவார்கள். இவரும் மணியை அடித்துப் பதில் சொல்வார்.

நின்றுகொண்டு யாரையும் பரிசோதிக்கமாட்டார். "நின்னு பாத்தா போலீஸு. குந்திப் பாத்தா சொந்தக்காரன்" என்பார். ஐம்பது வயதில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை குந்தி எழுந்தால் முழங்கால் என்ன ஆகும்? எழும்போதெல்லாம் இரண்டு முட்டியும் சடக் சடக்கென்று பேசும். "ரெண்டு பேரும் சண்டை போடறாங்க, விடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்வார்.

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்படுவதற்கு அவரிடம் தனி அடையாளங்கள் உண்டு. விரல் வரை எரிந்த பீடியைக் கீழே போடாதவன். ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் பத்தடி நடப்பவன். உச்சி வெயிலில் முழுக்கைச் சட்டை. "வெயில்ல முழுக்கை போட்டவன் ஒண்ணு மாப்பிள்ளையா இருக்கணும், இல்லைன்னா நம்ம ஆளா இருக்கணும்."

கண்டுபிடித்த பிறகு நோயாளியிடம் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம். அன்று அந்தச் சூளைத் தொழிலாளியிடமும் அதைத்தான் சொன்னார். "இது செத்த தோல் இல்ல. தூங்குற தோல். சீக்கிரம் தட்டினா எழுந்துக்கும். வருஷம் முழுக்க மாத்திரை அட்டை நான் கொண்டாந்து தரேன். நீ முழுங்கறது மட்டும்தான் உன் வேலை." பிறகு அந்தத் தொழிலாளியின் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். சிரித்த பெண்களின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

அந்த முனகல் மட்டும் பழைய பழக்கம் இல்லை. ஆறு மாதமாகத்தான். அதற்கு முன் சத்தமே இல்லாமல் வேலை பார்த்தவர். இப்போது எந்தக் கையைப் பிடித்தாலும் வண்டு புகுந்த புட்டி மாதிரி ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். காரணம் அவருடைய வீட்டில் இருக்கிறது. அவர் மனைவியின் வலதுகைச் சுண்டுவிரல் அது. மரத்துப்போன அந்த விரலுக்கு உணர்ச்சி திரும்புமா, திரும்பாதா என்பது இந்த வியாழக்கிழமை தெரிந்துவிடும்.

*

எனக்கு இந்த விஷயம் ஒரு படிவத்தின் வழியாகத்தான் தெரிந்தது. களத்தில் இவரைப் போன்ற ஊழியர்கள் எழுதிக் கொண்டுவருவதைக் கணினியில் ஏற்றுவது தொழுநோய்த் தடுப்பு அலுவலகத்தில் என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு, மறைப்பானேன். அவர் எழுத்தில் மட்டும் ஒன்றும் சிக்காது. வருடக்கணக்காக அவர் பகுதியில் 'ஊனம்' என்ற கட்டத்தில் சுழியம் தவிர வேறு எண் விழுந்ததே இல்லை. விரல் மடங்குவதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிடுகிறார் என்று அதற்குப் பொருள். மேலதிகாரிகள் வந்தால் அந்தக் கட்டத்தைத்தான் திருப்பிக் காட்டுவோம்.

ஒரு நாள் வந்த படிவத்தில் அந்தக் கட்டத்தில் ஒன்று இருந்தது. விலாசத்தைப் பார்த்தேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

"அண்ணே, மாட்டிக்கிட்டீங்க. நோயாளி விலாசம் எழுதற எடத்துல உங்க வீட்டு விலாசத்தை எழுதி வெச்சிருக்கீங்க. இங்க சுழியத்துக்குப் பதிலா ஒண்ணு. தூக்கக் கலக்கமா?"

அவர் படிவத்தை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேறு யாரோ எழுதியதைச் சரிபார்ப்பது போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு பட்டதாரி. ஏத்திக்கோ."

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதுவரை அந்த 'பட்டதாரி' எனக்கு இனித்துக்கொண்டிருந்தது.

*

அவர் மனைவி, எனக்கு அண்ணி, வீட்டிலேயே துணி தேய்ப்பவர். தையற்கூடத்திலிருந்து மூட்டையாக வரும் சட்டைகளைத் தேய்த்து, மடித்து, அட்டை செருகித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு மத்தியானம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். அண்ணி தேய்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுச் சண்டையை நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு குரலையும் அவரே பேசுவார், நானே பார்த்திருக்கிறேன். பேச்சு சுவாரசியத்தில் சுண்டுவிரல் கைப்பிடியிலிருந்து நழுவிச் சுடு இரும்பின் மேல் படுத்துவிட்டது. அண்ணி நடிப்பை நிறுத்தவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

"சோத்துல கை வெச்சபடியே பாத்துக்கிட்டிருந்தேன் தம்பி" என்றார் அவர். "எவ்வளவு நேரம்னு கேக்காதே. பொட்டியைப் பிடுங்கினேன். விரல் ஓரத்துல தோல் வழண்டிருந்துச்சு. 'அய்யோ, சுடுதே'ன்னு அப்பத்தான் கத்தினா. என் மூஞ்சியைப் பாத்துட்டுக் கத்தினா."

எச்சில் கையைக் கழுவிவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறார். கண்ணை மூடச் சொல்லித் தொட்டிருக்கிறார். பத்துக்குப் பத்து. தொட்டதற்கு 'ஆமா'. தொடாததற்கு 'இல்லை'. எந்தச் சூளையிலும் எவரும் தப்பாத பொறியில் அண்ணி ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. கண்ணெதிரே கொப்புளம் எழும்பிக்கொண்டிருக்கும்போது, கொப்புளத்தை நம்புவதா பேனாவை நம்புவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம். பிறகு முழங்கையின் பின்புறம் அழுத்திப் பார்த்திருக்கிறார். அங்கே ஓடும் நரம்பு பென்சில் கனத்துக்குத் தடித்துக் கிடந்தது. அதற்குச் சற்று மேலே, நீளக் கை வைத்த ரவிக்கைக்குள் ஒரு தேமல். அந்த ரவிக்கை தைத்து வந்த அன்று, "உனக்கு இது எடுப்பா இருக்கு" என்று சொன்னவரே அவர்தான்.

ஒவ்வொரு வருடக் கணக்கெடுப்பையும் அவர் தன் வீட்டிலிருந்துதான் தொடங்குவார். ஊரார் உடம்பைப் பார்ப்பவன் முதலில் தன் வீட்டைப் பார்க்கவேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். தேமலை மறைத்துக்கொண்டு, விரல் சுடுவதற்கு முந்தின கணக்கெடுப்பிலும் அண்ணி பத்துக்குப் பத்து வாங்கித் தேறியிருந்தார்.

எப்படி என்று அண்ணியே பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னார். ஏதோ சமையல் பக்குவம் சொல்வது போலத்தான் சொன்னார்.

"இதுல என்ன தம்பி கஷ்டம்? உங்க அண்ணன் தொடும்போது மூச்சைப் பிடிச்சுக்குவாரு. தொடலைன்னா விட்டுடுவாரு. இத்தனை வருஷமா பக்கத்துல படுத்தவளுக்கு அவரு மூச்சு தெரியாதா?"

"ஏன் அண்ணி மறைச்சீங்க?"

இடது கையால் வலது கைச் சுண்டுவிரலை நிமிர்த்தி நிமிர்த்தி விட்டுக்கொண்டிருந்தார். விட்டதும் அது உள்ளே வளைந்துகொண்டது. பக்கத்து மோதிர விரலும் அதன் வழியே போகத் தொடங்கியிருந்தது.

"மொதல்ல தேமல்னுதான் நெனச்சேன். அப்புறம் தெரிஞ்சுது. அந்த வாரம்தான் இவரு வந்து உக்காந்து, 'இந்த வருஷமும் நம்ம பக்கம் சுழியம்'னு சிரிச்சாரு. என்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்குக்கூட அப்படிச் சிரிக்கலை மனுஷன். அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்தறது?" குரலை இறக்கினார். "ஊருல என்ன சொல்லுவாங்க? ஊரூரா போயி இவருதான் கொண்டாந்து குடுத்துட்டாருன்னு சொல்லமாட்டாங்களா? யாரு சொன்னாலும் தாங்குவாரு தம்பி. அவரே அப்படி நெனச்சுட்டா?"

அவர் அப்படி நினைக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்லமுடியாது என்றுதான் மருத்துவர் சொன்னார். மற்றவர்களுக்கு இதே வாக்கியத்தை இவர் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மருத்துவர் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாராம்.

*

மருந்து இரண்டு வகை. ஒன்று கிருமிக்கு, ஒரு வருடம். அது கட்டாயம் சாகும், அதில் கவலை இல்லை. இன்னொன்று வீங்கிய நரம்புக்கு. ஆறு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். விரல் மரத்து அதிக நாள் ஆகாமல் இருந்தால் திரும்பும். நாள் கடந்திருந்தால் இல்லை. எப்போது மரத்தது என்று மருத்துவர் கேட்டதற்கு, "மூணு மாசம் இருக்கும்" என்று அண்ணி சொன்னார். அண்ணி சொல்லும் எதையும் அப்போது நம்பும் நிலையில் அண்ணன் இல்லை. இதை மட்டும் நம்பினார்.

மாத்திரையில் அண்ணிக்கு முகம் உப்பிவிட்டது. "பாருங்க தம்பி, கன்னம் வந்துருச்சு. இந்தக் கன்னம் அப்பவே இருந்திருந்தா இவரைவிட நல்ல மாப்பிள்ளையா வந்திருப்பான்" என்பார். "வந்தவன் ஓடியிருப்பான், உன் வாயைப் பாத்து" என்று இவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் வீட்டில் பரிசோதனை. மூச்சு காட்டிக்கொடுக்கக்கூடாது என்று முனக ஆரம்பித்தது அப்போதுதான். களத்துக்கும் அந்த முனகல் கூடவே வந்துவிட்டது. முதல் மாதம் சுண்டுவிரலில் பத்துக்கு இரண்டு. பிறகு நான்கு. அப்புறம் ஏழு. ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எட்டு வந்த வாரம் அதை என் மேசையில் விரித்துப் போட்டார். "கணக்குத் தெரிஞ்சவன் நீ. இது ஏறுதா இல்லையா, சொல்லு." ஏறுகிறது என்றேன். சூளையில் குந்தி உட்கார்ந்து, "எங்க வீட்டுலயே எழுந்துக்கிச்சு. உனக்கு எழாதா?" என்று சொல்லத் தொடங்கினார்.

போன வாரம் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நேத்து பீரோ இழுப்பறையை மூடினா. சுண்டுவிரல் உள்ள மாட்டிக்கிச்சு. தெரியாம பேசிக்கிட்டே இருந்தா தம்பி. நான்தான் இழுப்பறையைத் தொறந்து விரலை எடுத்துவிட்டேன்."

அவர் இன்னும் நான்கு தடவை காற்றடித்தார். டயர் ஏற்கெனவே கல்லாக இருந்தது.

"முனகலும் அவளுக்குப் பழகிருச்சு போல."

*

வியாழக்கிழமை சாயங்காலம், அண்ணன் வீட்டில் இருக்கும் எல்லாரையும் பரிசோதித்ததற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க நான் போயிருந்தேன். அன்றோடு நரம்பு மாத்திரை முடிகிறது. தேய்த்த சட்டைகள் அட்டை செருகிய கழுத்துகளோடு சுவர் ஓரம் வரிசையாக அடுக்கியிருந்தன. இப்போது அண்ணி இடது கையால் தேய்க்கிறார். மடிப்பு கொஞ்சம் கோணும்.

அவர் பஞ்சைக் கிள்ளி இரண்டு உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?" என்றார் அண்ணி.

"காதுக்கு."

"காதையும் அடைக்கணுமா? அடைக்காமலே நீங்க சொல்றது எதுவும் என் காதுல ஏறறதில்லையே." என் பக்கம் திரும்பினார். "பாருங்க தம்பி, நம்பிக்கை இல்லை. பரீட்சையில காப்பி அடிக்கறேனாம்."

"அடிக்கலைன்னு சொல்லேன்" என்றார் அவர்.

அண்ணி தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். இவர் பஞ்சை வைத்து, மேலே ஒரு துண்டைச் சுற்றி முடிந்தார். தொட்டால் இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கவேண்டும் என்று சைகையில் சொன்னார். அண்ணி கண்களை மூடிக்கொண்டு வலது கையைப் பலகைமேல் வைத்தார். உப்பிய முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு தயாராக நின்றது.

அவர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. வாசலில் நிற்கும் சைக்கிளின் பைக்குள் இருந்தது. நான்கடிதான். அவர் எழுந்திருக்கவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். நான் என் பேனாவைக் கொடுத்தேன். எனக்கு வேலை கிடைத்தபோது, கைநாட்டு வைக்கும் என் அப்பா வாங்கிக் கொடுத்த நீல மைப் பேனா.

இந்த முறை முனகல் இல்லை. கட்டைவிரலைத் தொட்டார். இடது கை விரல் உடனே எழுந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டுக்கும் எழுந்தது. மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பக்கத்துக்கு எழுந்தது, சுண்டுவிரலை ஒட்டிய பக்கத்துக்கு இல்லை.

சுண்டுவிரலுக்கு வந்தார்.

நுனியில் தொட்டார். காத்திருந்தார். கொஞ்சம் அழுத்தித் தொட்டார். நடுக்கணுவில். பக்கவாட்டில். விரலின் அடியில், பிறகு உள்ளங்கை ஓரத்தில். தொட்ட இடமெல்லாம் ஒரு நீலப் புள்ளி விழுந்துகொண்டே வந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மறுபடி நுனிக்குப் போனார். ஏழு. எட்டு. இடது கை விரல் பலகையை விட்டு எழவே இல்லை.

பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னங்க?" காது அடைத்தவர்கள் பேசுவது போல அண்ணி உரக்கக் கேட்டார். "ஏன் நிறுத்திட்டீங்க? சுண்டுவிரல் பாக்கியிருக்கே, அதையும் தொடுங்க."

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் புள்ளிகள் அவர் கண்ணில் பட்டிருக்கவேண்டும். சட்டென்று தன் கட்டைவிரலை நாக்கில் ஈரமாக்கி, நுனியிலிருந்து தொடங்கி அவற்றை ஒவ்வொன்றாக அழுத்தித் தேய்த்து அழிக்கத் தொடங்கினார். அண்ணி கண்களை மூடியபடியே, தூக்குவதற்குத் தயாராக வைத்த இடது கை விரலோடு காத்துக்கொண்டிருந்தார்.